பெட்டியில் ‘675 மடங்கு’ என்று போட்டிருக்கிறதா? முதல் தொலைநோக்கி வாங்கும் முன் ஒரு நிமிடம்!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருட்களில் சைக்கிளுக்கும் வீடியோ கேமுக்கும் அடுத்ததாக இப்போது தொலைநோக்கியும் சேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நேரலையில் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகள், அந்த நிலவைத் தங்கள் கண்ணால் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுவதில் வியப்பில்லை. “அப்பா, ஒரு டெலஸ்கோப் வாங்கித் தாங்களேன்!” என்று ஆரம்பிக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போனை எடுத்துத் தேடினால், சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் வரிசை நீள்கிறது. கூடவே ஒரு நியாயமான கணக்கும் மனதில் ஓடுகிறது. “இவ்வளவு செலவு பண்றோம். ராத்திரி நட்சத்திரம் பார்க்கிறதோட, பகல்ல பறவை, மலை, கப்பல்னு பார்க்கவும் உதவினா நல்லதுதானே?”

நல்லதுதான். ஆனால், இந்த ‘இரண்டுக்கும் ஒன்று’ என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதை எழுதுபவரும் சறுக்கியவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா மகனுக்காக ஒரு தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் வண்ண வண்ணமாகச் சனிக் கோளும் விண்மீன் மண்டலங்களும் இருந்தன. ‘பகலிலும் இரவிலும் பயன்படுத்தலாம்’ என்ற வாசகம் வேறு. மறுநாள் காலை மொட்டை மாடியில் அதைப் பொருத்தி, ஊர்க் கோயில் கோபுரத்தைப் பார்த்தான். “மாமா, கோபுரம் தலைகீழா நிக்குது!” என்று கத்தினான். எதையோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்து, பாதி நாள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். இரவில் வியாழனைப் பிடித்தால், கை பட்டதும் குழாய் நடுங்கியது. நடுக்கம் நிற்பதற்குள் வியாழன் பார்வையை விட்டு ஓடிவிட்டது. இரண்டே மாதத்தில் தொலைநோக்கி பரணுக்குப் போனது. போன பணத்தைவிட, “எனக்கு இதெல்லாம் வராது மாமா” என்று அவன் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது. தப்பு அவனுடையது அல்ல, வாங்கியவருடையது.

பெட்டியில் இருக்கும் அந்தப் பெரிய எண்

விலை குறைந்த தொலைநோக்கிகளின் பெட்டியில் 525 மடங்கு, 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தொலைநோக்கியின் முன்னால் இருக்கும் லென்ஸுக்கு ஒரு குவியத்தூரம் உண்டு. நாம் கண்ணை வைக்கும் ஐபீஸுக்கும் ஒரு குவியத்தூரம் உண்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குழாயின் குவியத்தூரம் 900 மில்லிமீட்டர், ஐபீஸ் 25 மில்லிமீட்டர் என்றால் 36 மடங்கு. 10 மில்லிமீட்டர் ஐபீஸ் என்றால் 90 மடங்கு. 4 மில்லிமீட்டர் என்றால் 225. அதோடு மூன்று மடங்கு பெருக்கும் ‘பார்லோ’ லென்ஸ் ஒன்றையும் சொருகினால் 675. அவ்வளவுதான் வித்தை! வெறும் வகுத்தலும் பெருக்கலும். அந்த 675 மடங்கில் எதுவாவது தெளிவாகத் தெரியுமா என்பது வேறு கேள்வி. தெரியாது.

ஏனென்றால், தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது அல்ல, ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகபட்சம் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் அதைப் போல நூறு மடங்கு பரப்பில் ஒளியை வாங்குகிறது. வாங்கிய ஒளியை எவ்வளவு பெரிதாக விரிக்கிறோமோ அவ்வளவுக்குப் படம் மங்கும். கொஞ்சம் மாவை வைத்துக்கொண்டு கல் முழுக்கத் தோசை இழுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். பொதுவான கணக்கு: லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்ச வரம்பு. 70 மில்லிமீட்டருக்கு 140 மடங்கு. அதுவும் காற்று அசையாமல் நிற்கும் நல்ல இரவில்தான். மற்ற நாட்களில் 50 முதல் 100 மடங்குக்குள்தான் நம் வேலை நடக்கும். 1610-ல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கலிலியோ கண்டறிந்தபோது, அவர் கையில் இருந்தது சுமார் 20 மடங்கு பெருக்கும் குழாய்தான்.

ஆகவே, பெட்டியில் மடங்கு எண் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு சந்தேகப்படுங்கள். கடைக்காரரிடம் “எத்தனை மடங்கு?” என்று கேட்காமல், “லென்ஸ் விட்டம் எவ்வளவு? குவியத்தூரம் எவ்வளவு?” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

பகலுக்கு வேறு கண், இரவுக்கு வேறு கண்

வானத்தில் மேல் கீழ் கிடையாது. நிலவு தலைகீழாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் வானியலுக்கான தொலைநோக்கிகள் படத்தை நிமிர்த்துவதற்கு மெனக்கெடுவதில்லை. நிமிர்த்த இன்னும் சில கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். ஆனால், தலைகீழாகப் பறக்கும் கொக்கை எவ்வளவு நேரம் ரசிக்க முடியும்?

குழாயின் அடியில் குழிவான ஆடி வைத்த தொலைநோக்கியில் (நியூட்டன் வடிவமைத்த வகை என்பதால் நியூட்டோனியன் என்பார்கள்) படம் தலைகீழாகவே இருக்கும். கண் வைக்கும் இடமும் குழாயின் மேல் பக்கவாட்டில். எங்கள் வீட்டுக் கோபுரம் கவிழ்ந்த கதை இதுதான். இரவில் இந்த வகை கொடுக்கும் காசுக்கு நிறைய ஒளியைத் தரும். பகல் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல. இதில் ஒரு போலி நிறுத்தமும் உண்டு: குழாய் அரை மீட்டர்தான் நீளம், ஆனால் குவியத்தூரம் 1,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு மலிவான திருத்து லென்ஸைப் பதித்து நீளத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். தொடக்கக்காரர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. நான் வாங்கியது சாட்சாத் இதேதான்.

முன்பக்கம் லென்ஸ் வைத்த குழாய் (ரிஃப்ராக்டர்) பகலுக்கும் ஒத்துழைக்கும். ஆனால் அதிலும் ஒரு சின்ன விஷயம். பின்னால் செருகும் 90 டிகிரி கண்ணாடித் திருப்பியில் படம் நிமிர்ந்து தெரிந்தாலும் இடம் வலம் மாறியிருக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்தால் எழுத்துகள் ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியது போலத் திரும்பி நிற்கும். படம் நேராக வேண்டுமென்றால் 45 டிகிரி ‘நிமிர்த்தும் பிரிசம்’ வேண்டும். சில பெட்டிகளில் கூடவே தருகிறார்கள், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பகலில் இன்னொரு வரம்பு, நம் ஊர் வெயில். காலை 9 மணிக்கு மேல் தரையிலிருந்தும் மாடித் தளங்களிலிருந்தும் சூடான காற்று எழும்பும்போது, 40 மடங்குக்கு மேல் போனால் தொலைவில் உள்ள எதுவும் கொதிக்கும் எண்ணெய்க்குள் இருப்பது போல நெளியும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் இதே கதைதான். வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ போகிறவர்கள் விடியற்காலையில் போவது பறவைகளுக்காக மட்டுமல்ல, காற்றுக்காகவும்தான்.

சூரியன்: இங்கே விளையாட்டு வேண்டாம்

பகலிலும் பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்த நிமிடத்திலேயே வீட்டில் ஓர் ஆபத்தும் நுழைகிறது. வெறுங்கண்ணைப் போல நூறு மடங்கு ஒளியைச் சேர்க்கும் கருவி, வெப்பத்தையும் சேர்த்தே குவிக்கும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கி விளையாடிய எல்லோருக்கும் இது புரியும். அந்தக் காகிதத்தின் இடத்தில் இருப்பது விழித்திரை. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சுடுகிறது என்று கண்ணை எடுக்கும் வாய்ப்புகூடக் கிடையாது. பார்வை போன பிறகுதான் தெரியும்.

சில மலிவான பெட்டிகளில் ‘சூரியன்’ என்று எழுதிய, காசு அளவுள்ள கறுப்புக் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். ஐபீஸில் திருகும் வகை. தயவுசெய்து அதைப் பிள்ளைகள் கையில் கிடைக்கும் முன் உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில்தான் விழுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடலாம். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி, குழாயின் முன்வாயை முழுவதுமாக மூடுவதாக, அதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஒளி உள்ளே நுழையும் முன்பே தடுக்கப்பட வேண்டும் என்பதுதான் கணக்கு. எக்ஸ்ரே படம், வெல்டிங் கண்ணாடித் துண்டு போன்ற வீட்டு வைத்தியங்களைத் தொலைநோக்கியோடு சேர்க்கவே கூடாது. மேலே ஒட்டியிருக்கும் சின்ன இலக்குநோக்கியும் ஒரு தொலைநோக்கிதான் என்பதை மறந்துவிடுகிறோம்; அதற்கும் மூடி போட வேண்டும்.

பகலில் பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் பிள்ளைகள் இதைத் தொடக் கூடாது என்ற விதி முதல் நாளே வீட்டில் வர வேண்டும். கிரகணக் காலங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் தமிழகத்தின் வழியாகப் போனது நினைவிருக்கும். அடுத்து 2031 மே 21 அன்று இன்னொரு வளைய கிரகணம் தென்னிந்தியாவைக் கடக்க இருக்கிறது. இன்று வாங்கும் கருவி அன்றும் வீட்டில் இருக்கும்.

பொம்மைப் பெட்டியில் ‘மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அல்ல’ என்று அச்சிடும் நாம், கண்ணைப் பறிக்கக்கூடிய ஒரு பொருளின் எச்சரிக்கையைத் தமிழில் பெரிதாக அச்சிடச் சொல்லக் கூடாதா? ஐபீஸில் திருகும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை விற்பனையிலிருந்தே எடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கால்தான் முக்கியம்

குழாயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அதைத் தாங்கும் காலைப் பற்றிப் பேச மாட்டார்கள். தொலைநோக்கிகள் பரணுக்குப் போவதற்கு நடுங்கும் முக்காலி ஒரு பெரிய காரணம். 90 மடங்கில் பார்க்கும்போது நடுக்கமும் 90 மடங்கு. கடையில் குழாயின் முனையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் அடங்கினால் நல்லது. கோயில் மணி மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தால் வேண்டாம்.

தாங்கியில் இரண்டு வகை. மேலே-கீழே, இடம்-வலம் என்று சாதாரணமாகத் திருப்புவது ஒன்று. துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்தி, எடைக்கல் தொங்கவிட்டு, வானம் சுழலும் திசையிலேயே சுழற்றுவது இன்னொன்று. இரண்டாவது பார்க்க ‘விஞ்ஞானி’ மாதிரி இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சில அதைச் சிபாரிசும் செய்யும். ஆனால் நம் நிலைமை வேறு. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். லண்டனில் 51 டிகிரி; சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் வெறும் 8 டிகிரி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நட்சத்திரத்தை வைத்து எப்படிக் குறி பார்ப்பது? அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும் தொல்லையும் உண்டு. பகல் காட்சிக்கோ அந்த அமைப்பு முழுச் சங்கடம். முதல் கருவிக்குச் சாதாரணத் தாங்கியே போதும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

கையில் பத்தாயிரத்துக்குக் கீழே என்றால், என் பதில் தொலைநோக்கியே அல்ல. 7x50 அல்லது 10x50 பைனாகுலர். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது லென்ஸ் விட்டம். “டெலஸ்கோப் கேட்டா பைனாகுலரா?” என்று பிள்ளை முகம் சுளிக்கும்தான். ஆனால் பகல், இரவு இரண்டுக்கும் உண்மையிலேயே பொருந்தும் ஒரே மலிவான கருவி இதுதான். படம் நேராகத் தெரியும், பொருத்தும் வேலை இல்லை, பேருந்தில் எடுத்துப் போகலாம். வியாழனின் நிலவுகளையும், கார்த்திகைக் கூட்டத்தின் பல பத்து நட்சத்திரங்களையும், நிலவின் பள்ளங்களையும் காட்டும். தொலைநோக்கியில் ஆர்வம் போனாலும் இது பரணுக்குப் போகாது. 20x50 போன்ற எண்களுக்கு ஆசைப்பட வேண்டாம். கையில் பிடித்தால் காட்சி ஆடும். லென்ஸில் சிவப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு கொண்டவற்றையும் ஜூம் வகைகளையும் ஒதுக்கிவிடலாம்.

அதற்கு மேல் செலவழிக்க முடியும், தொலைநோக்கிதான் வேண்டும் என்றால் 70 அல்லது 80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டர், சாதாரணத் தாங்கி, கூடவே 45 டிகிரி நிமிர்த்தும் பிரிசம். ஐபீஸ் ஒன்றேகால் அங்குல அளவில் இருக்கட்டும்; பின்னால் மாற்றிக்கொள்ள வசதி. 25, 10 மில்லிமீட்டர் இரண்டு போதும். இதிலேயே ஒரு தேர்வு உண்டு. 400 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட குட்டையான குழாய் பறவைக்கும் பயணத்துக்கும் ஏற்றது. கோள்களை உற்றுப் பார்க்கும்போது ஓரங்களில் ஊதா நிறம் கசியும். 700 மில்லிமீட்டர் நீளக் குழாய் நிலவையும் சனியையும் சுத்தமாகக் காட்டும், தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வாரத்தில் எத்தனை நாள் பகலில் பார்ப்பீர்கள் என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். பெரும்பாலான வீடுகளில் முதல் வாரத்துக்குப் பிறகு பகல் பயன்பாடு குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. அதனால் நான் நீளக் குழாய் கட்சி.

பறவைதான் முதல், வானம் இரண்டாவது என்பவர்களுக்கு ‘ஸ்பாட்டிங் ஸ்கோப்’ என்ற வகை இருக்கிறது. 20 முதல் 60 மடங்கு வரை போகும், படம் நேராக இருக்கும். 60 மடங்கில் சனியின் வளையம் தெரிந்துவிடும். கண் வைக்கும் பகுதி சாய்வாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நேர்க் குழாயில் உச்சி வானத்தைப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்காது.

பகல் காட்சியே வேண்டாம், வானம் மட்டும் போதும், வீட்டில் இடமும் இருக்கிறது என்றால் 150 மில்லிமீட்டர் ‘டாப்சோனியன்’. அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர் பரப்பிய, மரப்பெட்டிமேல் சுழலும் எளிய வடிவம். காசுக்கு இதைவிட அதிக ஒளி தருவது எதுவுமில்லை. எடை சுமார் 15 கிலோ. மூன்றாவது மாடிக்குத் தினமும் யார் தூக்குவது என்று முன்பே பேசி முடிவெடுத்துவிடுங்கள். போனில் படம் காட்டும் ‘ஸ்மார்ட்’ கருவிகளும் வந்துவிட்டன. நல்ல படம் தருகின்றன, ஆனால் அவற்றில் கண் வைத்துப் பார்க்க முடியாது.

எதை எதிர்பார்க்கலாம்?

பெட்டியின் மேல் இருக்கும் படங்கள் விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்தவை. நம் கருவியில் சனி ஒரு எள் அளவுதான் தெரியும், ஆனால் வளையத்தோடு தெரியும். அந்த வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பை மட்டும் காட்டிக் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டு வருகிறது. ஒளிமுகில்கள் வண்ணத்தில் தெரியாது, சாம்பல் புகைபோலத்தான் தெரியும். இதை முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் ஏமாற்றம் இல்லை. நிலவைப் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். கண் கூசும், தட்டையாக இருக்கும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். முதல் இரவுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. நகர விளக்குகளும் இதைக் கெடுக்காது.

நம் ஊருக்கு என்றே ஒரு வரமும் உண்டு. மே மாத நடுவில் இரவு 10 மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போது, அதற்கு நேர் கீழே தென் வானத்தில் பைனாகுலரைத் திருப்பினால் பஞ்சுப் பொதி போல ஒன்று தெரியும். ஒமேகா சென்டாரி. பல லட்சம் நட்சத்திரங்களின் கொத்து. சென்னையில் அது சுமார் 30 டிகிரி உயரத்துக்கு எழும். லண்டனில் உதிப்பதே இல்லை. நகர விளக்குகளை விட்டு விலகிய ஊர் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

வாங்கும் முன் ஒரு முறையாவது அடுத்தவர் கருவியில் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பல ஊர்களில் வான் நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். சென்னை பிர்லா கோளரங்கத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வாங்கியாகிவிட்டதா? முதல் வேலையைப் பகலிலேயே முடியுங்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத் தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியை 25 மில்லிமீட்டர் ஐபீஸில் நடுவில் கொண்டுவந்து, இலக்குநோக்கியும் அதே உச்சியைக் காட்டும்படி அதன் திருகுகளைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் இரவில் தேடினால் நிலவுகூடச் சிக்காது. சிக்கிய பிறகு, 90 மடங்கில் ஒரு கோள் இரண்டே நிமிடத்தில் காட்சியைக் கடந்துவிடும். கருவியில் கோளாறில்லை, சுற்றுவது பூமி. மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பார்த்து முடித்ததும் பனி படிந்த லென்ஸைத் துணியால் தேய்க்காமல், ஈரம் தானாக உலர்ந்த பின் மூடிவையுங்கள். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து தை பிறக்கும்போது, நம் ஊர்க் கடற்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்காது.